கர்ப்பகாலத்தில் பயணம்: கிளம்பும் முன்பும் வழியிலும் கவனிக்க வேண்டியவை

கர்ப்பிணி ஒருவர் வெளியூர் கிளம்புகிறார் என்றால், சுற்றியிருப்பவர்கள் முதலில் பேசுவது வண்டியின் குலுக்கலைப் பற்றித்தான். குலுங்கினால் கரு கலைந்துவிடும் என்ற அச்சம் அந்த அளவுக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. உண்மையில், தொடக்க வாரங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம்களில் உள்ள பிழையால் நேர்பவை. மேடுபள்ளமான சாலையில் போனதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பயணத்தில் மெய்யாகவே கவலைப்பட வேண்டியவை இரண்டு. பல மணி நேரம் எழுந்திருக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்று. திடீரென்று ஏதேனும் நேர்ந்தால் மகப்பேறு வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது மற்றொன்று. கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டைச் சுற்றியே வருகிறது.

எப்போது கிளம்புவது?

பயணத் தேதி உங்கள் கையில் இருக்குமானால், 14ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் மசக்கையின் கடுமை பெரும்பாலும் தணிந்திருக்கும், கருச்சிதைவுக்கான வாய்ப்பு குறைந்திருக்கும், வயிறும் நடமாட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிதாகியிருக்காது. முதல் மூன்று மாதங்களில் பயணமே கூடாது என்று தடை ஏதும் இல்லை. ஆனால் கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறது என்பதை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளாமல், மருத்துவ வசதியற்ற இடத்துக்குப் போகாதீர்கள். கரு கருக்குழாயில் தங்கியிருந்து, அது எங்கோ நடுவழியில் வெடித்துவிட்டால், உள்ளே பெருகும் இரத்தக்கசிவு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

வாரக்கணக்குப் பார்க்கும்போது பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு: கிளம்பும் நாளை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். 33ஆம் வாரத்தில் கிளம்பி மூன்று வாரம் தங்கினால், திரும்பி வரும்போது 36 ஆகிவிடும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் சிக்கலற்ற ஒற்றைக் கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 36 வாரம் வரையும், இரட்டைக் குழந்தைகள் என்றால் 32 வாரம் வரையும் அனுமதிக்கின்றன. 28ஆம் வாரத்துக்குப் பிறகு மருத்துவரின் கடிதத்தைக் கேட்கின்றன. அந்தக் கடிதம் எத்தனை நாள்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதே போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் சொல்லி விசாரித்துவிடுங்கள். கப்பல் பயணத்தில் விதி இன்னும் கடுமையானது: பயணம் முடிவதற்குள் 24ஆம் வாரத்தைத் தொட்டுவிடுவோரைப் பெரும்பாலான சுற்றுலாக் கப்பல் நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதே இல்லை.

சிலருக்கு மருத்துவர் பயணமே வேண்டாம் என்று சொல்லக்கூடும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், இரத்தப்போக்கு இருப்பவர்கள், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் தங்கள் நிலைமையை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். "பயணம் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த வாகனம், எத்தனை மணி நேரம், போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்று விவரமாகச் சொல்லிக் கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பரிசோதனைக் குறிப்பேடு, கடைசி ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை பெரிய பெட்டிக்குள் போகாமல், தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். இவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உடன் வருபவரின் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். மயங்கிக் கிடக்கும்போது உங்கள் கைப்பேசியின் பூட்டை யாராலும் திறக்க முடியாது. இரத்த வகை கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். குறிப்பாக ஆர்எச் நெகட்டிவ் பெண்களுக்கு இது முக்கியம்: வழியில் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ, குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் செயல்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது. அந்த விவரம் தெரியாத மருத்துவர் இரத்த வகையைக் கண்டறிவதில் நேரத்தைச் செலவிட நேரிடும். மாத்திரைகளைப் பயண நாள்களுக்குத் தேவையானதைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வெளிநாடு போகிறவர்கள் பயணக் காப்பீட்டை வாங்கும்போது, எதிர்பாராமல் பிரசவம் நேர்ந்தால் தாய்க்கும், குறைமாதக் குழந்தையின் தீவிர சிகிச்சைக்கும் அது பணம் தருமா என்று நேரடியாகக் கேளுங்கள். தாய்க்கு மட்டும் காப்பு தந்து குழந்தையை விட்டுவிடும் திட்டங்களும் உண்டு.

உட்கார்ந்தே இருப்பதன் ஆபத்து

பிரசவத்தின்போது அதிக இரத்தம் வெளியேறிவிடாமல் தடுக்க, கர்ப்பிணியின் உடல் முன்கூட்டியே இரத்தத்தை எளிதில் உறையும் தன்மைக்கு மாற்றிக்கொள்கிறது. இயற்கையின் இந்த நல்ல ஏற்பாடு நீண்ட பயணத்தில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. கர்ப்பகால ஹார்மோன்களால் இரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கின்றன. வளர்ந்த கருப்பை இடுப்புப் பகுதியின் சிரைகளை அழுத்துகிறது. கால்களிலிருந்து மேலேற வேண்டிய இரத்தம் அங்கேயே தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிக்கொடுக்கும். உட்கார்ந்துவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடுகிறது. இப்படித் தேங்கிய இரத்தத்தில் கட்டி உருவாகி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு இத்தகைய கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் உருவாகிறது, ஏனெனில் இடது காலின் இரத்தத்தைச் சுமந்துவரும் பெரிய சிரை, இடுப்புக்குள் ஒரு தமனியின் அடியில் புகுந்து வருகிறது. அந்த இடத்தில் அழுத்தம் கூடுதல்.

ஆகவே, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும், அது விமானமோ காரோ ரயிலோ பேருந்தோ, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பதை மருந்து சாப்பிடுவது போன்ற கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிறாரே, எழுப்புவது எப்படி என்று தயங்குகிறவர்கள் அதிகம். அந்தத் தயக்கம் வராமல் இருக்கவே நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறோம். சன்னல் வழியே தெரியும் காட்சியை இன்னொரு பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம். எழ முடியாத நேரத்தில், குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை உங்களை நோக்கி மேலே இழுங்கள்; பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள். இப்படி இருபது, முப்பது முறை செய்தால் கெண்டைக்கால் தசை இறுகித் தளர்வது கைக்கே தெரியும். கால்மேல் கால் போட்டு உட்காருவதைத் தவிர்த்துவிடுங்கள். கைப்பையைக் காலடியில் வைத்துக் கால் நீட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் பிடிக்கும் அழுத்தக் காலுறைகள் நீண்ட பயணத்துக்கு உண்மையிலேயே உதவுகின்றன, ஆனால் அளவு தவறினால் பயனில்லை. காலையில் எழுந்தவுடன், பாதம் வீங்குவதற்கு முன், கணுக்கால், கெண்டைக்கால் ஆகியவற்றின் சுற்றளவை எடுத்து அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். மாட்டுவதும் சற்றுப் பழக்கம் தேவைப்படும் வேலைதான். காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகால் சரியாக அமர்ந்த பிறகு, மீதியைச் சிறிது சிறிதாக மேலே ஏற்றுங்கள். மேல்முனையை மடித்துவிட்டால் அந்த மடிப்பே கயிறு கட்டியதுபோல் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு குனிந்து மாட்ட முடியாதவர்கள் உடன் இருப்பவரிடம் கூச்சமின்றி உதவி கேட்கலாம். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் காலுறை மட்டும் போதாது. அவர்களுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி தேவைப்படலாம் என்பதால் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால், கேட்டுக்கொண்டு தாமாக விழுங்கிவிடாதீர்கள்.

காரில் போகும்போது

சீட் பெல்ட் வயிற்றை அழுத்திக் குழந்தைக்கு ஊறு செய்யும் என்று எண்ணி அதைப் போடாமல் விடுவது, இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தவறுகளிலும் மிகப் பெரியது. விபத்தில் குழந்தையைக் காக்கும் முதல் வழி தாயைக் காப்பதே. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பை ஒட்டித் தொடையின் மேல்பகுதியில் படிந்திருக்க வேண்டும். மேல்பட்டை தோளிலிருந்து இரு மார்பகங்களுக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். உட்கார்ந்தவுடன் ஒரு கையால் வயிற்றைச் சற்றே மேலே தூக்கிக்கொண்டு, மறு கையால் கீழ்ப்பட்டையை அடியில் தள்ளிவிட்டுப் பிறகு இறுக்கினால் சரியாக அமரும். வழியில் அது மெல்ல மேலேறி வயிற்றின் நடுவுக்கு வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேல்பட்டையைக் கையிடுக்கில் விட்டுக்கொள்வதோ முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவதோ கூடாது.

நீங்களே ஓட்டுவதானால், ஸ்டீயரிங்குக்கும் உங்கள் மார்பெலும்புக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி இருக்குமாறு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஏர்பேக்கை அணைத்துவைக்கத் தேவையில்லை. ஒரு நாளில் ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் காரில் கழிக்காதவாறு பயணத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. சிறிய மோதலாக இருந்து, வெளியே ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், வயிறு நன்கு வளர்ந்த மாதங்களில் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியத் தொடங்கியிருந்தால் அது சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். இதற்காகவே மருத்துவர்கள் குறைந்தது 4 மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்கிறார்கள். இரு சக்கர வாகனத்தைப் பொறுத்தவரை, அங்கே அஞ்ச வேண்டியது கீழே விழுவதற்குத்தான். வயிறு வளர வளர உடலின் சமநிலை மாறுகிறது என்பதை நினைவில் வைத்து, வேறு வழி இருக்கும்போது அதைத் தவிர்த்துவிடலாம்.

விமானத்தில்

பறக்கும் விமானத்தின் உள்ளே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமான காற்றழுத்தம்தான் இருக்கும். ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும், கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பெரியவர்களுடையதைவிட இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையது என்பதால், நலமாக உள்ள தாயின் குழந்தைக்கு இதனால் பாதிப்பில்லை. தாய்க்குத்தான் சில தொல்லைகள் உண்டு. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதால் தாகம் தெரியாமலே உடல் வறண்டுபோகும். குறைந்த அழுத்தத்தில் வயிற்றிலுள்ள வாயு விரிவடையும். ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கும் குடலில் இது நல்ல வேதனையைத் தரும். கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்தே வாயுவை உண்டாக்கும் உணவையும், சோடா வகைப் பானங்களையும் ஒதுக்கிவையுங்கள்.

விமானம் திடீரென்று ஆட்டம் காணலாம் என்பதால், உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தாழ்வாகக் கட்டியிருங்கள். நடக்கும்போது ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் பிடித்துக்கொண்டே போவது பாதுகாப்பானது. விமான நிலையத்தின் உலோகம் கண்டறியும் வாயிலில் நுழைவதால் குழந்தைக்குத் தீங்கில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் கையால் சோதிக்கும்படி கேட்கலாம். உயரத்தில் படும் விண்வெளிக் கதிர்வீச்சும் எப்போதாவது பறப்பவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. விமானப் பணியாளர்களும் வேலைக்காக ஓயாமல் பறப்பவர்களும் மட்டும் அதைக் கணக்கிட்டு மருத்துவரிடமும் நிறுவனத்திடமும் பேச வேண்டும்.

ரயில், பேருந்து

எழுந்து நடக்க இடமும் கழிப்பறையும் இருப்பதால், நீண்ட தொலைவுக்கு ரயிலே மிக வசதியானது என்பது என் கருத்து. கீழ்ப் படுக்கையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஓடும் வண்டியில் பெட்டிகளுக்கு இடையே கடக்க வேண்டாம். 28ஆம் வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பை முதுகுப்புறப் பெரிய சிரையை அழுத்தித் தலைசுற்றலைத் தரும், குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த சால்வையையோ சிறு தலையணையையோ வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கைகளைவிட நடுப்பகுதி இருக்கைகளில் அதிர்வு குறைவு.

உணவு, தண்ணீர், கழிப்பறை

கழிப்பறை கிடைக்காது என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பெண்களிடையே பரவலாக இருக்கிறது. கர்ப்பகாலத்தில் இது இருமடங்கு கெடுதல். உடல் வறண்டால் கருப்பை அடிக்கடி இறுகத் தொடங்கும், இரத்தமும் மேலும் எளிதாக உறையும். சிறுநீரை அடக்கினால் தொற்று ஏற்பட்டு, அது சிறுநீரகம்வரை பரவிக் குறைப்பிரசவத்துக்கும் காரணமாகலாம். எனவே பாதையைத் திட்டமிடும்போதே சுத்தமான கழிப்பறைகள் எங்கெங்கே உள்ளன என்று குறித்துவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தேவை தோன்றாவிட்டாலும், நிறுத்தி இறங்குங்கள். காலாற நடப்பதும் அதோடு சேர்ந்தே முடிந்துவிடும்.

சூடாகச் சமைத்து ஆவி பறக்கப் பரிமாறப்படும் உணவே வெளியிடங்களில் நம்பத்தக்கது. வெட்டிவைத்த பழங்கள், காய்ச்சாத பால், அதிலிருந்து செய்த மென்மையான பாலாடைக்கட்டி, அரைகுறையாக வெந்த இறைச்சியும் முட்டையும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. தாய்க்கு லேசான காய்ச்சலாக வந்துபோகும் அது கருவைக் கொன்றுவிடக்கூடும். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் இ மஞ்சள் காமாலை, மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், மிகக் கொடியது. தண்ணீரைக் கொதிக்கவைப்பதானால், தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் வைத்திருக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் 3 நிமிடம். அயோடின் மாத்திரை கலந்து சுத்திகரித்த தண்ணீரைப் பல நாள் குடிப்பது குழந்தையின் தைராய்டைப் பாதிக்கலாம் என்பதால் அதைத் தவிருங்கள்.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு தம்ளராவது குடியுங்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் பொருத்தமானது. இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை 20ஆம் வாரத்துக்குப் பிறகு விழுங்கினால் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையக்கூடும். குமட்டல் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பாமல், உலர்ந்த எளிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொறித்துக்கொள்வதும், முன்னிருக்கையில் அமர்ந்து தொலைதூரத்தைப் பார்ப்பதும், கைப்பேசியை மூடிவைப்பதும் பயன் தரும். அதற்கும் அடங்காவிட்டால் கர்ப்பகாலத்தில் உட்கொள்ளத்தக்க மாத்திரைகள் உண்டு. கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும் இடம் எப்படிப்பட்டது?

கொசுக்களால் பரவும் நோய்களில் இரண்டைக் கர்ப்பிணிகள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஜிகா வைரஸ் குழந்தையின் மூளை வளர்ச்சியைச் சிதைக்கிறது. இது தொடர்பான பாதிப்புகளுக்காக உலக சுகாதார அமைப்பு 2016 பிப்ரவரி 1 அன்று சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. உடலுறவு வழியாகவும் வைரஸ் பரவும் என்பதால், ஜிகா உள்ள பகுதிக்குக் கணவர் மட்டும் போய் வந்திருந்தாலும் பிரசவம்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். மலேரியா கர்ப்பிணிகளை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. கிருமிகள் நஞ்சுக்கொடியிலேயே தங்கிவிடுகின்றன. இவை பரவும் இடங்களுக்கான பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவதே மேல். முடியாதபோது, மலேரியா தடுப்பு மாத்திரையை மருத்துவரே தேர்ந்தெடுக்கட்டும். மற்றவர்கள் சாதாரணமாக உட்கொள்ளும் டாக்ஸிசைக்ளின் உங்களுக்குப் பொருந்தாது. டீட் கலந்த கொசு விரட்டியைக் குறிப்புச்சீட்டில் சொன்னபடி பூசிக்கொள்ளலாம்.

தடுப்பூசிகளில், உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்யப்பட்ட தட்டம்மை, சின்னம்மை வகைகளைக் கர்ப்பகாலத்தில் போடுவதில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் அந்த வகையே. அது கட்டாயமான நாட்டுக்குத் தவிர்க்க முடியாமல் போக நேர்ந்தால், ஊசியின் அபாயத்தையும் நோயின் அபாயத்தையும் மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்வார். இன்ஃப்ளூயன்சா ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

2,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் முதல் சில நாள்கள் ஓய்வாக இருங்கள். அங்கே மருத்துவ வசதியும் பெரும்பாலும் குறைவு. நீச்சல் நல்லது, ஆழ்கடல் முக்குளிப்பு கூடாது. உடல் வெப்பத்தை 39 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏற்றிவிடும் வெந்நீர்த் தொட்டிகளும் நீராவிக் குளியலும், குறிப்பாகத் தொடக்க வாரங்களில், குழந்தையின் தண்டுவட வளர்ச்சிக்குக் கேடு செய்யலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

போய்ச் சேர்ந்த அன்றே அருகிலுள்ள மகப்பேறு மருத்துவமனை எது, இரவில் அங்கே மருத்துவர் இருப்பாரா என்று விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பில் இரத்தமோ நீரோ கசிந்தாலும், வயிறு சீரான இடைவெளியில் இறுகி வலித்தாலும், தலைவலி கடுமையாகிக் கண் மங்கினாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கினாலும், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும், ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். பயணத்தில் இரு பாதங்களும் ஒரே அளவில் வீங்குவது இயல்பு. காலைத் தூக்கிவைத்து ஓர் இரவு உறங்கினால் பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலைத் தொட்டால் வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை அழுத்தித் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இத்தகைய கட்டி, பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடும். அப்போது மருத்துவரிடம் போனால், அண்மையில் எத்தனை மணி நேரம் பயணம் செய்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.